இறங்கிய இடது தோள்

அந்தக் கடையில் துணி வெட்டுவது அவள், தைப்பது அவள் வீட்டுக்காரர். எல்லாம் தலைகீழாக இருக்கிறதே என்று சிரித்தவர்கள்கூட, அவள் வெட்டிய சட்டையை ஒருமுறை போட்டுப் பார்த்தபின் வேறு கடைப் படி ஏறியதில்லை. எல்லாருக்கும் அவள் மாஸ்டரம்மா. மாடியில் ஒரே அறை. வெட்டுகிற மேசை, ஜன்னலோரம் தையல் மெஷின், மூலையில் ஆளுயரக் கண்ணாடி. மத்தியான வெயில் சாய்வாக உள்ளே விழும்போது நூல் தூசி மெல்ல மிதக்கும். அந்த நேரத்தில் கடை மொத்தமும் தண்ணீருக்குள் இருப்பதுபோல் இருக்கும்.

அவளுக்கு ஒரே தம்பி. வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். மூங்கில் ஏணியை எப்போதும் இடது தோளிலேயே சுமந்து போவான், அதனால் பட்டப்பெயரே ஏணி. சுமந்து சுமந்து அந்தத் தோள் ஒரு விரல் தடிமன் இறங்கியிருந்தது. அவன் சட்டைக்கு மட்டும் இடது தோளைக் கொஞ்சம் சரித்து வெட்டுவாள். வெட்டும்போதெல்லாம், "ஏணிய மாத்திப் பிடிடா" என்று திட்டுவாள்.

"வலது தோள் அத்தானுக்குக்கா. உன்கிட்ட மாட்டிக்கிட்ட மனுஷன், சாஞ்சு அழ ஒரு எடம் வேணாமா?" என்பான் அவன். வீட்டுக்காரர் மெஷினிலிருந்து தலை நிமிராமல் சிரிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை, போகிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை.

ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. தைரியமா இரு, மனச விட்டுடாத, நடந்தது நடந்துபோச்சு. இந்த மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள். மனதை எங்கே விடுவது, எப்படிப் பிடிப்பது என்று அவர்களுக்கு மட்டும் தெரியுமா என்ன? அவள் அழவில்லை. காரியங்கள் முடிந்ததும் கடையைத் திறந்தாள். கல்நெஞ்சக்காரி என்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

உள்ளே நடந்தது வேறு. தூக்கம் அவளைவிட்டுப் போயிருந்தது. சோறு வாயில் மண்ணாக இருந்தது. மாடிப்படியின் நடுவில் நின்று, ஏறிக்கொண்டிருந்தோமா இறங்கிக்கொண்டிருந்தோமா என்று யோசிப்பாள். மேசைக்கு முன்னால் நிற்கும்போது மட்டும் ஒரு சுகமான மயக்கம் வரும். சாக்குக்கட்டி தானாகவே துணியில் ஓடும். கீழே படிச்சுவரில் ஏணி உரசுகிற சத்தம் கேட்கும். இதோ வந்துவிடுவான், கதவைத் தள்ளிக்கொண்டு 'பசிக்குதுக்கா' என்பான் என்று தோன்றும். அவன் வராதது அவளுக்கு உறைப்பதற்குள் வெட்டி முடித்திருப்பாள்.

முதலில் கவனித்தது வீட்டுக்காரர்தான். வங்கிக்காரர் ஒருவருக்குத் தைத்த சட்டையில் இடது தோள் இறங்கியிருந்தது. கைதவறல் என்று நினைத்தார். அடுத்து வாத்தியார் சட்டை, அதற்கடுத்து வேன் ஓட்டுநர் சட்டை. குட்டையோ நெட்டையோ, ஒல்லியோ தொப்பையோ, யார் அளவு கொடுத்தாலும் தோள் மட்டும் தம்பியுடையதாக வந்தது.

நல்லவேளை, தையலுக்கு உள்ளே தாராளமாகத் துணி விடுகிறவள் அவள். சமையலுக்கு அவள் வீட்டுக்குப் போனதும், அவர் தோளைப் பிரித்து, உள்ளே விட்ட துணியை வெளியே எடுத்து, சரிசமமாகத் தைத்து மாட்டிவிடுவார். யாரிடமும் மூச்சுவிடவில்லை. அவருக்கு ஒரே பயம்தான்: இதைச் சொன்னால் அவள் கத்தரியைக் கீழே வைத்துவிடுவாள், கத்தரியும் போனால் அவளும் போய்விடுவாள். இப்படியே மாதங்கள் ஓடின. அவள் வெட்டினாள், அவர் தைத்துப் பிரித்துத் தைத்தார். பார்க்கிறவர்களுக்கு எல்லாமே நன்றாக நடப்பதாகத்தான் தெரிந்தது.

பிறகு ஒருநாள் மெஷின் ஊசி அவர் விரலில் ஏறிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடக்க வேண்டியதாயிற்று. அந்த நேரம் பார்த்து ஒரு ஹோட்டலிலிருந்து பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் வெள்ளைச் சட்டை தைக்க ஆர்டர் வந்தது. பக்கத்துக் கடைத் தையல்காரரைக் கூப்பிட்டாள். அவர் நேர்மையான மனிதர், சாக்குக்கோடு எங்கே போகிறதோ அங்கே தைத்துக் கொடுத்துவிட்டார்.

சட்டைகள் போன மறுநாள் காலை மாடிப்படியில் தடதடவென்று சத்தம். ஹோட்டல் மேனேஜர் தன் ஆட்களைச் சட்டையோடு அழைத்து வந்திருந்தார்.

"என்ன மாஸ்டரம்மா, என் பசங்களுக்கெல்லாம் ஒரே ராத்திரில தோள் எறங்கிப் போச்சா? சாப்பிட வர்றவங்க சிரிக்கிறாங்க. எல்லாரும் திரும்பி நில்லுங்கப்பா, அம்மா பாக்கட்டும்."

அவர்கள் கண்ணாடியைப் பார்த்து வரிசையாகத் திரும்பி நின்றார்கள். வெயில் அவர்கள் முதுகில் விழுந்தது. வெள்ளை முதுகுகள், எல்லாவற்றிலும் இடது பக்கம் ஒரு விரல் தடிமன் கீழே. கண்ணுக்குத் தெரியாத ஏணியை எல்லாரும் சுமந்துகொண்டு நிற்பதுபோல் இருந்தது. கண்ணாடிக்குள் இன்னும் ஒரு வரிசை.

அவள் மேசையைச் சுற்றி மெதுவாக நடந்துபோனாள். கடைசியில் நின்றவரின் இடது தோளில் உள்ளங்கையை வைத்தாள்.

"ஏணிய மாத்திப் பிடிடா" என்றாள். "எத்தன தடவ சொல்றது?"

அப்போதுதான் அழுகை வந்தது. மாதக்கணக்காய் வராத அழுகை. அந்த முதுகில் நெற்றியை வைத்து, உடம்பு குலுங்க அழுதாள். அந்த மனிதருக்கு அவளை முன்பின் தெரியாது. ஆனாலும் அசையவில்லை, தோளை ஆடாமல் வைத்துக்கொண்டு நின்றார். மேனேஜர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, தண்ணீர் கொண்டுவரக் கீழே போனார்.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கக்கிவிட்டார். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"நீ ஒடஞ்சு போயிடுவியோன்னு பயந்துட்டேம்மா."

"ஒடஞ்சுதாங்க இருந்தேன். நீங்க பாட்டுக்குத் தச்சுத் தச்சு மூடிட்டீங்க."

அவர் கட்டுப்போட்ட விரலைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் அவன் தோளு போச்சும்மா" என்றார். "பிரிக்கும்போதெல்லாம் நானும்தான் அழுதேன்."

அந்த வாரமே இருவரும் மனநல மருத்துவரைப் பார்க்கப் போனார்கள். பைத்தியமா உனக்கு என்று கேட்ட உறவுக்காரியிடம், "பல்லு வலிச்சா மட்டும் காட்டுறீங்க, மனசு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள். அந்தப் பெண் மருத்துவர் தைரியமாக இருக்கச் சொல்லவில்லை. "உங்க தம்பியப் பத்திச் சொல்லுங்க" என்றார். அவன் போன நாளிலிருந்து அதை யாருமே அவளிடம் கேட்டதில்லை. சொல்லத் தொடங்கினாள், சிரித்தாள், அழுதாள், நேரம் முடிந்தும் முடியவில்லை. தூக்கத்துக்கு மாத்திரையும், அடுத்து வரவேண்டிய தேதியும் கொடுத்தார்கள்.

ஒரேயடியாகச் சரியாகிவிட்டது என்று நான் கதைவிட மாட்டேன். சில நாள் படியின் நடுவில் இப்போதும் நிற்கிறாள். ஆனால் வெட்டுவதற்கு முன் ஒரு புது வழக்கம் வைத்திருக்கிறாள். மேசை மூலையில் கிடக்கும் கழிவுத்துணியில் முதலில் அந்தச் சரிந்த தோளை ஒரு கோடாக வரைவாள். அவனிடம் இரண்டு வார்த்தை பேசுவாள். பிறகு அதை நகர்த்தி வைத்துவிட்டு, வந்தவரின் துணியை விரிப்பாள். அந்தக் கோடு அதற்குப்பின் வழிதவறி வேறு யார் சட்டைக்கும் போனதில்லை.

வீட்டுக்காரரின் விரல் ஆறி மெஷினுக்குத் திரும்பிய அன்று, வெட்டிய துணி ஒன்றை அவர் முன்னால் வைத்தாள். நீலச் சட்டை, வீட்டுக்காரரின் உடம்பளவு. இடது தோள் இறங்கியிருந்தது. அவர் பதறிப்போய் அவள் முகத்தைப் பார்த்தார்.

"தெரிஞ்சேதான் வெட்டுனேன்" என்றாள். "இத மட்டும் பிரிக்காதீங்க."

கோடு போன வழியே தைத்தார். அவளே பொத்தான் கட்டினாள். அவர் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். சட்டை ஒருபக்கமாக இழுத்தது. அவர் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, தன் இடது தோளை மெல்ல இறக்கினார். சட்டை சரியாக உட்கார்ந்தது.