எங்கள் வீட்டில் வேலை என்ற சொல்

நெய்வேலியில் வேலை என்றால் பர்மனென்ட். மற்றதெல்லாம் வெறும் கான்ட்ராக்ட். என் தம்பி அப்ரென்டிஸ் முடித்துவிட்டு, நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை வாரிப்போடும் கான்ட்ராக்ட்டில் வருஷக்கணக்காகப் போய்வந்தான். உடம்பெல்லாம் கரியோடு வந்து குவார்ட்டர்ஸ் வாசலில் ஷூவைக் கழற்றுவான். விசாரிக்கிறவர்களிடம் அப்பா, பையனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை, சும்மா கான்ட்ராக்ட்டில் போகிறான் என்பார். அவன் காதில் விழும்படியேதான் சொல்வார். தான் அதே சுரங்கத்தில் பர்மனென்ட் என்ற திமிர் அப்பாவுக்கு உண்டு. எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் கான்ட்ராக்டர் மாறினார். புதியவர் தன் ஆட்களோடு வந்ததால் தம்பி வெளியே நின்றான். அப்பா ஓய்வுபெறச் சில மாதங்கள்தான் இருந்தன. அதோடு கம்பெனி குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். அதற்குள் இவன் எங்காவது ஒட்டிக்கொள்ள வேண்டுமே என்று வீடே கவலைப்பட்டது. அவனும் தினமும் அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாட்டோடு, வேலை தேடப் போவதாகச் சொல்லி வடலூர் பஸ் ஏறினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலைவாய்ப்புக் கணக்கெடுக்க ஒரு பெண் டேப்லெட்டோடு வந்தார். நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவள், அதுவும் பர்மனென்ட் இல்லாத கௌரவ விரிவுரையாளராக. அந்தக் கேள்விகள் எனக்கு மனப்பாடம். வேலை செய்கிறவரும், வேலையில்லாமல் தேடுகிறவரும் சேர்ந்ததுதான் தொழிலாளர் படை. தேடவும் மாட்டேன், கிடைத்தாலும் போகமாட்டேன் என்கிறவர் அந்தக் கணக்கிலேயே கிடையாது. வகுப்பில் இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்லித்தருவேன்.

மகன் போன வாரம் வேலை தேடினாரா என்று அவர் கேட்டார்.

"தேடிக்கினுதாங்க இருக்கான்" என்றார் அப்பா.

உள்ளேயிருந்து தம்பி வந்தான். "இல்லைங்க. தேடுறத விட்டு நாளாச்சி."

அப்படியானால் தினமும் எங்கேதான் போகிறாய் என்று அம்மா கேட்டாள். வடலூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, சாப்பாட்டை அங்கேயே சாப்பிட்டு, சாயங்காலம் திரும்புவதாகச் சொன்னான். குரலில் கோபமே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

வேலை கிடைத்தால் போவீர்களா என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டார்.

"போய்க்கினு இருந்தப்பவே அத வேலைன்னு இந்த வூட்ல யாரும் சொல்லலைங்க. இனிமே போகல."

அப்படியென்றால் வேலையில்லாதவர் என்று போட முடியாது என்று சங்கடத்தோடு சொல்லிவிட்டு அவர் அடுத்த கேள்விக்குப் போனார். அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அம்மா பழக்கத்தில் சாப்பாடு கட்டி வைத்துவிட்டாள். தம்பி எழுந்திருக்கவில்லை. அப்பா ஷிப்ட்டுக்குக் கிளம்புமுன், புது கான்ட்ராக்டரின் சூப்பர்வைசருக்குப் போன் செய்தார். வாழ்நாளில் யாரிடமும் கெஞ்சாத மனிதர்.

"எம் பையன் அந்த பெல்ட்டுல வருஷக்கணக்கா வேலை செஞ்சவன்ங்க" என்றார்.

தம்பி செய்ததை அப்பா வேலை என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான். ஆள் தேவையில்லை என்று பதில் வந்திருக்க வேண்டும். சரிங்க, சரிங்க என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

உள்ளறைக் கதவு திறந்துதான் இருந்தது. தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.