துவாலுவுக்கு டிக்கெட் போட்ட கதை

டிக்கெட் போட்டுக்கொடுக்கும் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொந்தக் கவலை என்று ஒன்று தேவையே இல்லை. வாடிக்கையாளர்கள் ஆளுக்கொன்று கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் விமானத்தில் குறட்டை விடுவார்கள், நாம் வீட்டில் விழித்திருப்போம். என்னைப்போல இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் எனக்காகக் கொஞ்சம் உச்சுக்கொட்டலாம்.

எங்கள் அலுவலகம் மொன்றியல் செயின்ட்-மிஷேலில். கொழும்பு, சென்னை என்றால் கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட் போடுவேன். துவாலு அப்படியில்லை.

நீலத்தில் ஒரு நூல்

யோகமக்கா பியர்பொன்ட்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். ஓய்வு பெறும்வரை பிள்ளைகள் காப்பகத்தில் வேலை செய்தவர். ஒரே மகள் அபி, பசிபிக் கடலில் துவாலு என்ற குட்டித் தீவு நாட்டில் குடிநீர்த் திட்டமொன்றில் பொறியியலாளர். அந்த ஊர்ப் பொடியனையே கட்டப்போவதாக அவள் சொன்ன நாளிலிருந்து யோகமக்கா அவளோடு கதைக்கவில்லை. இரண்டு வருஷம். இப்போது மனம் இளகியிருக்கிறது. கலியாணம் வருகிற மாதம் ஒரு புதன்கிழமை.

என்னோடு வேலை செய்யும் நிக்கோலா கணினியில் வரைபடத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனான். நீலம், மேலும் நீலம், கடைசியில் நூல் மாதிரி ஒரு தீவு. பிஜியிலிருந்து அந்த வாரம் செவ்வாயும் வியாழனும் மட்டும்தான் விமானம். அதை விட்டால் நீந்தத்தான் வேண்டும். அங்கே விமானம் வராத நேரங்களில் பிள்ளைகள் ஓடுபாதையில் பந்து விளையாடுவார்களாம் என்று அவன் பிரெஞ்சில் வாசித்துச் சொன்னான். காப்பகத்தில் பிரெஞ்சு பழகிய யோகமக்கா அசையவில்லை.

"அதுகள் விளையாடட்டும். நான் இறங்கேக்க மட்டும் விலகி நிண்டால் காணும்."

அட்டமி, நவமி

வெள்ளிக்கிழமை புறப்படும்படி போட்டேன். பிஜியில் மூன்று நாள் கையில் இருக்கும், ஒரு விமானம் பிந்தினாலும் தாங்கும். அடுத்த நாள் காலையிலேயே போன். வெள்ளி அட்டமி, சனி நவமி, அந்த நாள்களில் வெளிக்கிட மாட்டேன் என்றார். சுவரில் தொங்கிய பஞ்சாங்கக் காலண்டரைப் பார்த்தேன். உண்மைதான். நானும் அட்டமியில் படி தாண்டாதவள், அவருக்கு என்ன புத்தி சொல்வது? வற்புறுத்தினால் மனுசி பயணத்தையே விட்டுவிடுவாரோ என்ற பயம் வேறு.

ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினேன். பிஜியிலிருந்து தீவுக்குப் போகும் செவ்வாய் டிக்கெட் தனி, அதைத் தொடவில்லை. ஞாயிறு இரவு லொஸ் ஏஞ்சல்ஸில் ஏறினால் திங்கள் காலை பிஜி, செவ்வாய் தீவு. காலண்டரைப் பார்த்து மூன்று தரம் விரல் மடித்து எண்ணினேன்.

"நல்ல நாள் பாத்துத் தந்திட்டாய் பிள்ளை. இனி எனக்கு ஒரு பயமும் இல்லை."

கைப்பை

ஞாயிறு காலை விமான நிலையத்துக்கு நானும் போனேன். எந்த வாடிக்கையாளரையும் நான் வழியனுப்பியதில்லை. இவரைத் தனியே விட மனம் கேட்கவில்லை. கவுண்டரில் இருந்த பெண் டிக்கெட்டை இரண்டு தரம் பார்த்தாள். பிறகு போர்டிங் பாஸை நீட்டினாள், நான் வாங்கிக்கொண்டேன். யோகமக்கா மட்டும் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். பாரமென்றால் தாருங்கள், நான் பிடிக்கிறேன் என்று கை நீட்டினேன்.

"விடு பிள்ளை. தாலி இதுக்குள்ளதான் கிடக்கு. நான் போய்ச் சேராட்டில் அங்க என்னத்தைக் கட்டுறது?"

திங்கள், மூன்று மணி

மறுநாள் பின்னேரம் மூன்று மணிக்குப் பிஜியிலிருந்து போன். இவ்வளவு பிந்தியா இறங்கினார் என்று யோசித்துக்கொண்டே எடுத்தேன். பயணம் நல்லபடி முடிந்தது, கைப்பை பத்திரம், நெஞ்சுக்கரிப்பு மட்டும் கொஞ்சம் என்றார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்.

"இஞ்ச எல்லாரும் இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை எண்டு சொல்லுகினம் பிள்ளை."

என் பிழை

லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து பிஜிக்குப் போகிற விமானம் நடுக்கடலில் தேதிக் கோட்டைத் தாண்டும்; ஒரு நாள் அப்படியே போய்விடும். டிக்கெட்டில் மணிக்குப் பக்கத்திலேயே "+2", அதாவது இரண்டு நாள் கழித்துத்தான் இறங்கும் என்று போட்டிருந்தது. நான் மணியை டிக்கெட்டில் பார்த்தேன், நாளைச் சுவர்க் காலண்டரில் பார்த்தேன். அந்தக் காலண்டரில் திங்கள் இருந்தது, யோகமக்காவுக்கு இல்லை. தீவுக்கான விமானம் பிஜியின் மறுகரையிலிருந்து இன்னும் ஒரு மணித்தியாலத்தில் கிளம்பும். அங்கே போக பஸ்ஸில் நாலு மணித்தியாலம். வியாழன்தான் அடுத்தது. "அப்ப கலியாணம்?" என்று யோகமக்கா கேட்டார்.

அபிக்கு எடுத்தேன். ஒன்றையும் மறைக்காமல், பிழை முழுக்க என்னுடையது, அம்மாவைப் பேசாதே என்றேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏசுவாள் என்று காத்திருந்தேன்.

"அம்மா ரெண்டு வருஷம் வராமல் இருந்தவ அக்கா. ரெண்டு நாள் பாத்துக்கொண்டு இருக்க மாட்டனே?"

வியாழன்

கலியாணத்தை வெள்ளிக்கு மாற்றினார்கள். வியாழன் விமானம் இறங்கவேண்டிய நேரம், இங்கே புதன் மாலை, நான் போனை மடியில் வைத்துக்கொண்டு ஆறின தேநீரைப் பார்த்தபடி இருந்தேன். ஒரு தகவலும் இல்லை. இங்கே வியாழன் முழுக்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை ஒரு படம் வந்தது: பூமாலைகளுக்கு நடுவே அபி, கழுத்தில் தாலி, தோளில் யோகமக்காவின் கை. பின்னாலேயே குரல் பதிவு.

"பிள்ளை, நான் திரும்பி வாறதை ஒரு மாதம் தள்ளிப் போடு. இந்தமுறை பிழை விட்டாலும் பறவாயில்லை."

ஊரையெல்லாம் கரை சேர்த்துவிட்டு, தான் மட்டும் நடுவழியில் தவித்து நிற்பவருக்குப் பெயர்தான் பயண முகவர் என்று என் விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொள்ளலாமா என்று பார்க்கிறேன்.