மணலில் புதைத்த சீசா

எங்கள் மச்சான் இம்மானுவேலை யாராவது ஒரு சொல் தப்பாகச் சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவரை வைய எனக்கு மட்டும்தான் உரிமை. என் அக்கா இன்பராணியின் புருஷனாயிற்றே, அந்த உரிமையை நானும் ஒரு குறையும் வைக்காமல் அனுபவித்து வந்தேன்.

மச்சான் அருப்புக்கோட்டையில் ஒரு பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டர். ஒரு வாரம் திருச்சுழி லைன், ஒரு வாரம் எம்.ரெட்டியபட்டி லைன். யாரையும் 'ஏய்' என்று கூப்பிடத் தெரியாத மனுஷன் இந்த வேலையில் எப்படிக் காலம் தள்ளினார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பருத்தி மூட்டையை இடுப்பில் அணைத்துக்கொண்டு அரை பர்லாங்குக்கு அப்பால் ஒருத்தி கையைக் காட்டினாலும் விசில் அடித்து நிறுத்திவிடுவார். டிரைவர் பொன்னுச்சாமி திரும்பி முறைப்பான். "பாவம், லோடோட வருதுல்ல" என்பார் மச்சான். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் கூட்டம் அதிகம் என்பதால் கோயிலுக்குக்கூட அவரால் ஒழுங்காக வர முடியாது.

அவர்களுக்கு ஒரே மகன், ஜான்ராஜ். எண்பத்தைந்தில் மதுரைக் காலேஜில் சேர்ந்து, என்.சி.சி. விமானப் பிரிவிலும் சேர்ந்தான். முதல் லீவுக்கு வரும்போதே எலுமிச்சம்பழ அளவில் ஒரு இஞ்சினைக் கொண்டுவந்துவிட்டான். பொம்மை விமானத்துக்கு மாட்டுகிற இஞ்சின். அங்கே யார் சுற்றியும் ஓடாமல் ஒதுக்கிப் போட்டிருந்ததை மாஸ்டரிடம் கேட்டு வாங்கியிருக்கிறான். நான் பாலவனத்தத்தில் பம்பு செட்டு டீசல் இஞ்சின் வேலை பார்க்கிறவன். "என்னலே, கோழிக்குஞ்சுக்குத் தண்ணி எறைக்கவா?" என்று கேட்டேன். சிரித்தான் பயல்.

சிரிப்பாக இருந்தாலும் அதுவும் டீசல் சாதிதான். பிளக்கு கிடையாது, பேட்டரி கிடையாது. முன்னால் உள்ள காற்றாடியை விரலால் சுண்டிவிட்டால் உள்ளே அழுத்தத்திலேயே தீப்பிடித்து ஓட வேண்டும். தலையில் ஒரு திருகு, அதை இறுக்கினால் அழுத்தம் கூடும். பக்கவாட்டில் ஒரு ஊசித் திருகு, எண்ணெய் எவ்வளவு போக வேண்டும் என்பதற்கு. எண்ணெயை அவனே கலப்பான். ஆமணக்கெண்ணெய் ஒரு பங்கு, மண்ணெண்ணெய் ஒரு பங்கு, ஈத்தர் ஒரு பங்கு. ஈத்தர் என்பது ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுக்கிற மருந்து. அது சேர்ந்தால்தான் தீப்பிடிக்கும். நம் பக்கத்து வெயிலில் மூடியைத் திறந்து வைத்தால் நிமிஷத்தில் ஆவியாகப் போய்விடும். அதனால் கலந்ததைப் பழுப்புச் சீசாவில் ஊற்றிக் கார்க்கை இறுக்கி, அடுப்படியில் தண்ணிப் பானைக்கு அடியில் இருக்கிற ஈர மணலில் புதைத்து வைப்பான்.

அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். "அடுப்புக்குப் பக்கத்துல கொண்டாந்து வைக்கானே, இவன் வீட்டக் கொளுத்தாம அடங்கமாட்டான்!"

ஒரு லீவு முழுக்க அதோடு மல்லுக்கட்டி, அந்தப் பிடிவாதம் பிடித்த இஞ்சினை வழிக்குக் கொண்டுவந்துவிட்டான் ஜான்ராஜ். தலைத் திருகு எந்த இடத்தில் நின்றால் ஒழுங்காக ஓடுகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் ஊசியால் ஒரு கோடு கீறி வைத்தான். வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லில் பலகையோடு கட்டி ஓட்டிப் பார்ப்பான். அப்புறம் ஒரு பொம்மை விமானத்தில் மாட்டி, திருச்சுழி ரோட்டில் வறண்டு கிடக்கிற கண்மாய்க்குக் கொண்டுபோய், நீளமான கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்று சுற்றவிடுவான். கல்லில் வைத்து ஓட்டுகிற நாளில் அக்கா அடுப்படியிலிருந்து கத்துவாள்: "எய்யா ஜானு, அத அமத்திட்டுச் சாப்பிட வாய்யா, சோறு ஆறுது!" வந்து உட்கார்ந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். "சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா. ஒரே மருந்து நாத்தம்."

ஒவ்வொரு லீவிலும் அவன் அப்பாவைக் கூப்பிடுவான். "ஒரே ஒரு தடவ வந்து கேளுங்கப்பா. சத்தம் அப்பிடி இருக்கும்." அடுத்த வாரம் பார்ப்போம் என்பார் மச்சான். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் கண்மாயைத் தாண்டிப் போகும்போது, கூட்டத்துக்கு நடுவே குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். மகன் நடுவில் நிற்கிறான், சிவப்பு விமானம் சுற்றிவருகிறது. பஸ் இரைச்சலில் வேறு ஒன்றும் காதில் விழவில்லை. வழியில் கையைக் காட்டுகிறவர்களுக்கெல்லாம் வண்டியை நிறுத்துகிறவர், தன் மகனுக்காக நிறுத்த வெட்கப்பட்டுக்கொண்டு விசில் அடிக்காமல் இருந்துவிட்டார்.

எண்பத்தெட்டில், கிறிஸ்மஸ் லீவு முடிந்து போனவன், பொங்கலுக்கு மஞ்சள் காமாலையோடு திரும்பி வந்தான். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். காப்பாற்ற முடியவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் போகவே எனக்குப் பயமாக இருந்தது. நான் பேய் பிசாசு நம்புகிறவன் இல்லை. ஆனால் மத்தியானம் வாசல்படியில் கால் வைத்தால், அவன் சட்டையில் அடிக்கிற அதே மருந்து வாசம் குப்பென்று முகத்தில் அடிக்கும். அக்கா அடுப்படி நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய், "பய மத்தியானம் மத்தியானம் வந்து போறானாம்" என்று தெரு பூராவும் சொல்லிவிட்டாள். எங்கள் சபைப் போதகர் ஐயரை அழைத்துவந்து ஜெபம் பண்ணினோம். அவருக்கும் அந்த வாசம் அடித்திருக்க வேண்டும், ஜெபத்தை நடுவில் நிறுத்தி ஜன்னல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

முதல் வருஷ நினைவு ஆராதனை முடிந்த பிறகு மச்சான் என் பட்டறைக்கு வந்தார். துண்டில் சுற்றியிருந்த இஞ்சினை மேஜை மேல் வைத்தார்.

"மாப்ள, இது ஓடணும்."

"இத ஓட்டி என்ன மச்சான் செய்யப் போறீக?"

"அவுக அம்மா கேட்டிருக்கா. தெருவே கேட்டிருக்கு. பெத்தவன் நான் கேக்கல" என்றார். "ஒரு தடவ கேட்டுட்டாப் போதும்."

நான் அதைச் சுற்றிப் பார்த்தேன், அசையவில்லை. ஆமணக்கெண்ணெய் உள்ளே காய்ந்து வார்னிஷ் போல இறுகிவிட்டது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, வெந்நீரில் சூடு காட்டி, மெதுவாக இளக்கினேன். எண்ணெய் வருகிற ரப்பர் குழாய் வெடித்துக் காற்று இழுத்தது. சைக்கிள் வால்வு டியூப் வாங்கி மாட்டினேன். ஊசித் திருகின் துவாரத்தை ஊதிச் சுத்தம் பண்ணினேன். பிஸ்டனுக்கு ஒரு குறையும் இல்லை, விரலால் சுற்றினால் அழுத்தம் கல்லுப் போல நின்றது. அப்புறம் மச்சானுக்கு லீவு கிடைக்கிற நாளெல்லாம் இருவரும் துவைக்கிற கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து சுண்டுவோம். ஒரு உறுமல், ஒரு துப்பல், அவ்வளவுதான். ஒரு நாள் பின்பக்கமாக உதைத்து என் விரலைக் கிழித்துவிட்டது.

"எத்தனையோ பெரிய இஞ்சின அடக்குன ஆளு, இந்தச் சுண்டைக்காகிட்டக் கடி வாங்கிட்டியே மாப்ள" என்று சிரித்தார் மச்சான். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "தலைத் திருக இன்னும் முக்காச் சுத்து இறுக்குங்க, தன்னால பிடிக்கும்" என்றேன்.

"கோட்டத் தாண்டக் கூடாது."

"கோடாவது கத்தரிக்காயாவது! ஓடணுமா வேண்டாமா?"

"அவன் போட்ட கோடு மாப்ள. அவன் கண்டுபிடிச்சு வச்சிருக்கான். அதத் தாண்டி வேற என்னமும் சத்தம் வந்தா, அது அவன் சத்தம் ஆகாது."

புது எண்ணெய் கலக்கலாம் என்றாலும் கேட்கவில்லை. மகன் கையால் கலந்து வைத்த சீசாவில்தான் ஓட வேண்டுமாம். மனுஷனுக்கு இப்படி ஒரு வீம்பு இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கோபத்தில் டி.வி.எஸ். வண்டியை உதைத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். மறுவாரம் நானே போய் நிற்பேன்.

சித்திரை மாதத்தில் ஒரு நாள். சுண்டிச் சுண்டி விரல் வீங்கிவிட்டது. கோட்டில் நிறுத்தியும் ஒரு உறுமல்கூட இல்லை, முன்னைவிட மோசம். எரிச்சலில் சீசாவைச் சரித்து, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். ஈத்தர் இருந்தால் தோலில் பட்ட நொடியே சில்லென்று குளிர்ந்து காற்றாகப் போயிருக்க வேண்டும். சொட்டு அப்படியே கிடந்தது. முகர்ந்தேன். வெறும் ஆமணக்கெண்ணெயும் மண்ணெண்ணெயும்தான் அடித்தது.

"மச்சான்! கார்க்க யாரு தொறந்து போட்டது? ஈத்தர் பூராவும் போச்சு! இத்தன நாளா வெளக்கெண்ணெய ஊத்தியா என் விரல ஒடிச்சீக?"

மச்சான் திகைத்துப் போய்விட்டார். "ஒவ்வொரு தடவையும் இறுக்கித்தானே புதைக்கேன்."

அடுப்படி நிலையில் அக்கா வந்து நின்றாள்.

"நான்தான் தொறந்தேன்."

இருவரும் திரும்பிப் பார்த்தோம்.

"நீங்க பஸ்ஸுக்குப் போன பெறகு தெனமும் எடுத்து மோந்து பாப்பேன். செத்த நேரம் தொறந்தே வச்சிருப்பேன். வீடு பூரா அவன் வாசம் வரும், பக்கத்துல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கும்." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "இப்பல்லாம் எவ்வளவு நேரம் வச்சாலும் வரமாட்டேங்குது. எம்புள்ள வீட்ட விட்டே போயிட்டான் போலன்னு நெனச்சு ராவெல்லாம் அழுதேன்."

தெருவையே கலங்கடித்த பேய் என் கையில் வாசம் போன சீசாவாக இருந்தது. சிரிக்கவா அழவா? மச்சான் எழுந்துபோய் அவள் பக்கத்தில் நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

மதுரைக்குப் போய், ஆஸ்பத்திரிச் சாமான் விற்கிற கடையில் நான் ஈத்தர் வாங்கிவந்தேன். பழசைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கப் போனபோது அக்கா ஓடிவந்து கையைப் பிடித்தாள். "கொட்டாதப்பா, அவன் கை பட்டது." யோசித்துப் பார்த்தால் கொட்ட வேண்டிய அவசியமும் இல்லை. போனது ஈத்தர் மட்டும்தான், மற்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன. மிச்சம் இருந்ததற்குப் பாதியளவு ஈத்தரை அதே சீசாவில் ஊற்றிக் குலுக்கினேன். மூடுவதற்கு முன்னால் அக்கா அதை வாங்கி முகர்ந்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மறுஞாயிறு மச்சான் லீவு போட்டார். அவர் சர்வீஸில் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டது அதுதான் முதல் தடவை. வெயில் மண்டையைப் பிளந்தது. இஞ்சின் வாயில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, திருகைக் கொஞ்சம் தளர்த்தி வைத்துக்கொண்டு சுண்டினேன். வெடித்தது, புகைந்தது, நின்றது. திரும்பச் சுண்டினேன். பிடித்துக்கொண்டது! கொர் கொர்ரென்று மூச்சுத் திணறி ஓடியது.

"மச்சான், திருகுங்க!"

மச்சான் தலைத் திருகைத் தொட்டார். மயிரளவு மயிரளவாக இறுக்கினார். சத்தம் தெளிந்துகொண்டே வந்தது. திருகு சரியாக ஜான்ராஜ் போட்ட கோட்டில் வந்து நின்றபோது, இஞ்சின் ஒரே சீராக வீறிட்டுக்கொண்டு பாடியது. காற்றாடி கண்ணுக்குத் தெரியவில்லை. கோழிகள் சிதறி ஓடின. கருவேலம் புதர்ப்பக்கமிருந்து அந்தச் சத்தம் திரும்பி வந்தது.

மச்சான் கண்ணில் தண்ணீர் ஊற்றியது. என் காதருகே குனிந்து, "இதான் சத்தமா மாப்ள? இப்பிடித்தான் இருக்குமா?" என்று கத்தினார். நானும் பட்டறையே கதி என்று கிடந்தவன், அவன் ஓட்டும்போது வந்து பார்த்தவன் இல்லை.

அப்போது அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. அழுகையெல்லாம் இல்லை. பழைய குரல், அதே சலிப்பு.

"எய்யா ஜானு, அத அமத்திட்டுச் சாப்பிட வாய்யா, சோறு ஆறுது!"

யாரைக் கூப்பிடுகிறாய் என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன். மச்சான் என் தோளை அழுத்திப் பிடித்தார். இஞ்சினோடு இணைத்திருந்த டப்பாவில் எண்ணெய் தீர்ந்து, இஞ்சின் ஒரு தடவை உச்சத்துக்குப் போய்ப் பட்டென்று நின்றது. எங்கும் ஒரு சத்தம் இல்லை. மச்சான் அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"இந்தா வாரேம்மா" என்றார்.

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.

"சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா" என்றாள் அக்கா. "ஒரே மருந்து நாத்தம்."

மச்சான் துவைக்கிற கல்லின் மேல் இருந்த சோப்பை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனார்.