லீடரின் பை

என் அறைக் கதவின் பின்புறம் ஓர் ஆணியில் துணிப்பை ஒன்று தொங்குகிறது. சட்டைத் துணி, பாவாடைத் துணி, சீருடைக் காக்கி, யாருக்கோ ரவிக்கை தைத்து மிஞ்சிய சிவப்பு என்று பல துண்டுகளை இணைத்துத் தைத்த பை. அந்தச் சிவப்பின் சாயம் மட்டும் இறங்கி, அடியிலுள்ள வெள்ளைத் துண்டில் திட்டாகப் பரவியிருக்கிறது. கடைக்குப் புறப்படும்போதெல்லாம் என் கை அதன் பக்கம் போகும். அடித்தையலைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும். அது என் பை அன்று. மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியினுடையது. வகுப்பு முழுவதும் அவளை லீடர் என்றே அழைத்தது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

எண்பதுகளின் பிற்பகுதியில், பொம்மிடியில் ரயில் பாதையை ஒட்டியிருந்த ஒரு தொடக்கப் பள்ளிக்கு நான் ஆசிரியனாக வந்து சேர்ந்தேன். மேடைப் பேச்சில் அதுவரை தோற்றறியாதவன். எந்த அணியில் நிறுத்தினாலும் வெல்வேன் என்ற செருக்கு என் நடையிலேயே தெரிந்திருக்கும். வகுப்பறையும் எனக்கு ஒரு மேடையாகவே இருந்தது. எதையும் வீணாக்கலாகாது என்று அந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் ஆற்றிய உரைகளை வேறெந்த அவையும் அவ்வளவு நம்பிக் கேட்டதில்லை. பழைய நோட்டுகளில் மிஞ்சிய வெற்றுத் தாள்களைக் கிழித்துத் தைத்துக் கணக்கு நோட்டு செய்தார்கள். சத்துணவுத் தட்டு கழுவிய நீரை முருங்கைக்கு ஊற்றினார்கள். பிளாஸ்டிக் கவர்கள் எங்கள் ஊர்க் கடைகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம் அது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிவதற்காகவே ஒரு பொருளைச் செய்வது எப்பேர்ப்பட்ட மடமை என்று நான் முழங்கிய மறுநாள், லீடர் தன் தந்தையைப் பள்ளிக்கே அழைத்து வந்துவிட்டாள்.

அவர் கடைத்தெருவில் தையற்கடை வைத்திருந்தவர். தோளில் ஒரு மூட்டை. "வெட்டுத்துணி எல்லாம் அடுப்புக்குத்தானுங்க சார் போவுது. புள்ளைங்க கையில போனா நல்லதுதானுங்களே" என்றார். மூட்டையில் வகுப்பிலிருந்த அத்தனை பேருக்கும் பைகள் இருந்தன. முதல் வாரம் பிற வகுப்புப் பையன்கள் வாசலிலேயே நின்று, "டேய், ஒட்டுத்துணிக் கூட்டம் வருதுடா! காசு போடுங்கடா!" என்று கூவினார்கள். லீடர் அசரவில்லை. "உங்க கவரு நாளைக்கே கிழியும். எங்க அத்தா தைச்சது கிழியாது. எங்க சாரே சொல்லியிருக்காரு" என்று திருப்பிக் கொடுத்தாள். அவளுடைய வாதத்தின் கடைசிச் சான்று எப்போதும் நானாகவே இருந்தேன்.

அந்த ஆண்டு விழாவில் ஆசிரியர்களின் பட்டிமன்றம் வைத்தார்கள். பிளாஸ்டிக் பொருள்களால் வாழ்க்கைக்கு நன்மையா, தீமையா என்பது தலைப்பு. வழக்கம்போல் மேடையிலேயே சீட்டுக் குலுக்கினார்கள். நான் எடுத்த சீட்டில் 'நன்மையே' என்றிருந்தது. நடுவரிடம் சென்று அணி மாற்றிக் கேட்டிருக்கலாம். சீட்டைக் கண்டு பின்வாங்கினான் என்ற பெயரை என்னால் தாங்கியிருக்க முடியாது. தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தேன். முதல் வரிசையில் தரையில் என் வகுப்பு உட்கார்ந்திருந்தது, மடியில் பைகளோடு.

பேச்சு நன்றாகவே ஏறியது. உச்சத்தில் ஒரு செயல்விளக்கம் தேவைப்பட்டது. மேடை விளிம்புக்கு வந்து கை நீட்டி, "லீடர், உன் பையைக் கொடு" என்றேன். அவள் துள்ளி எழுந்து, உள்ளிருந்த புத்தகங்களைத் தோழியின் மடியில் கொட்டிவிட்டு, பையை இரு கைகளாலும் நீட்டினாள். பாராட்டப் போகிறேன் என்று நினைத்திருக்கிறாள். அந்த நேரத்தில் சேலம் பக்கமிருந்து ஒரு சரக்கு ரயில் வந்தது. எங்கள் பள்ளியில் ரயில் போகும்போது யாரும் பேசுவதில்லை, பேசினாலும் கேட்காது. பெட்டி பெட்டியாக அது போய்க்கொண்டே இருந்தது. என் ஒரு கையில் பை, மறு கையில் மேசையிலிருந்து எடுத்த தண்ணீர்ச் சொம்பு. கீழே அவள் தன் பக்கத்திலிருந்தவளிடம் என்னைச் சுட்டிக்காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சொம்பைக் கீழே வைத்துவிடத் தேவையான அளவுக்கு மேல் எனக்கு நேரம் இருந்தது. ஆனால் அவை முழுவதும் அந்தச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தது. என் கையை விடுவிக்க என்னால் முடியவில்லை.

ரயில் போனது. பைக்குள் தண்ணீரை ஊற்றினேன். ஒழுகியது. மேசை மேலிருந்த பிளாஸ்டிக் கவரில் ஊற்றினேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. "எது பை?" என்று மட்டும் கேட்டேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. தீர்ப்பும் எங்கள் பக்கமே வந்தது.

விழா முடிந்ததும் லீடர் வந்தாள். பையின் அடியைத் தொட்டுப் பார்த்தாள். சாயம் அவள் விரலில் ஒட்டியது. "ஈரமா இருக்குதுங்க சார். காயட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை என் வகுப்பில் பாதிப் பேர் கவர்களோடு வந்தார்கள். இடைவேளையில் குழாயடியில் கவர்களில் தண்ணீர் பிடித்து, "எது பை? எது பை?" என்று என் குரலிலேயே கேட்டு உடைத்து விளையாடினார்கள். கிழிந்தவை வேலி முள்ளில் படபடத்தன. லீடர் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருந்தாள். பிற வகுப்புப் பையன் ஒருவன், "உன் பை ஒழுவுதுன்னு உங்க சாரே சொல்லிட்டாரு, போ!" என்றான். நான் எல்லோரையும் அமரவைத்து, மேடையில் பேசியது போட்டிக்காக என்று விளக்கினேன். லீடர் கை தூக்கி எழுந்தாள்.

"அப்ப கிளாஸ்ல பேசறது எதுக்குங்க சார்?"

குறும்பில்லை, கோபமில்லை, தெரியாததைக் கேட்ட குரல். எதிரணியின் எந்தக் கேள்விக்கும் நின்ற நிலையில் விடை சொன்னவன், கணக்கு வாய்பாட்டு நோட்டை எடுக்கச் சொன்னேன். அதன் பிறகு அந்த அறையில் நான் சொன்ன எதற்கும் பிள்ளைகள் தலையாட்டினார்கள், லீடரும் ஆட்டினாள். அடுத்த சொல்லைத் தொடங்குமுன் நான் அவள் முகத்தைப் பார்க்கப் பழகினேன்.

நான் சன்னல் கம்பியில் மாட்டியிருந்த அவள் பை பங்குனி வெயிலில் ஒரே நாளில் மொடமொடவென்று காய்ந்தது. எடுத்து நீட்டினேன். அவள் அடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னும் காயலைங்க சார்" என்றாள்.

ஆண்டுத் தேர்வு வரை அது கம்பியிலேயே இருந்தது. கோடையில் எனக்கு மாறுதல் வந்தது. அவள் வாங்கிக்கொள்ளாத பையும் என்னோடு வந்தது. இன்று காலையும் கடைக்குப் போகுமுன் அதைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லும் உரிமை என்னிடம் இல்லை.