அந்தரகங்கைக்குப் போன நான்கு பெண்கள்

பெங்களூர் போகும் காலை ரயிலில், பெண்கள் பெட்டியின் கடைசி மூலை எங்களுடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஏழெட்டு வருஷமாக உட்கார்ந்து உட்கார்ந்து எங்களுடையதாகிவிட்டது. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து நான் ஏறும்போது, மாரிகுப்பத்திலேயே ஏறிவிட்ட டீச்சர் எனக்கு இடம் போட்டு வைத்திருப்பார். ஐம்பதைத் தாண்டியவர். ஒயிட்ஃபீல்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுத்தார். அதற்குப் பிறகு குவார்ட்டர்ஸ் அக்கா ஏறுவார். அவருடைய வீட்டுக்காரர் திருச்சியிலிருந்து இங்கே பெரிய இயந்திரத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். அக்கா கன்டோன்மென்டில் ஓர் ஆபீசில் கிளார்க். பங்காருபேட்டையில் ஏறும் சின்னப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நான் மருந்துக் கம்பெனியில் பாக்கிங் பிரிவில் இருந்தேன். என் வீட்டுக்காரர் தங்கச் சுரங்கத்தில், அண்டர்கிரவுண்டில்.

1998 டிசம்பர். ஜன்னல் கதவுகளை எல்லாம் இறக்கிவிட்டும் குளிர் எப்படியோ உள்ளே வந்துகொண்டிருந்தது. டீச்சர் கம்பளிச் சால்வைக்குள்ளிருந்து ஒரு பத்திரிகையை எடுத்தார். குளிர்காலத்தில் சுற்றுலா போகச் சில இடங்கள் என்று நடுப்பக்கம் முழுக்கப் பனிமலைப் படங்கள்.

"இருபத்தஞ்சு வருஷமா மலையைப் பத்திப் பாடம் எடுக்கிறேன்" என்றார். "ஒரு மலைமேலயும் ஏறினதில்ல. இந்த வருஷம் ஏறப் போறேன். யாரு வர்றீங்க?"

"இமயமலைக்கா டீச்சர்?" என்று அக்கா சிரித்தார்.

"கோலார் மலைக்கு. அந்தரகங்கை. காலையில போயிட்டு சாயங்காலம் வந்துடலாம்."

எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து கோலாருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் எத்தனையோ முறை போயிருக்கிறோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து பார்த்தால் அந்த மலை தெரியும். கோயில் வரைக்கும் போனவர்கள் உண்டு. அதற்கு மேலே, பாறைகளுக்கு நடுவில் இருக்கும் குகைகளுக்குள் போனவர்கள் எங்கள் லைனில் யாரும் இல்லை. ஆண்துணை இல்லாமல், குழந்தைகள் இல்லாமல், நாங்கள் நான்கு பேர் மட்டும் போவது என்பதுதான் டீச்சரின் திட்டம். சின்னவள் உடனே கை தூக்கினாள். "சூப்பர் மிஸ், நான் ரெடி. வீட்ல ஆபீஸ் டூர்னு ஹேளிட்றேன்." அவள் எப்போதும் தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பாள்.

நான் மட்டும் யோசித்தேன். எனக்கு மலை பயமில்லை. குகைதான் பயம். சின்ன வயசில், சுரங்கத்துக்குள்ளே பாறை வெடித்தால் எங்கள் லைன் வீடுகள் குலுங்கும், அலமாரிப் பாத்திரங்கள் கீழே விழும். அடுத்த நிமிஷம் பெண்கள் எல்லாரும் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட்டை நோக்கி ஓடுவார்கள். அப்படி ஒரு நாள் என் அம்மாவின் பின்னால் நானும் ஓடினேன். அப்பா மேலே வருகிறவரை வெயிலில் நின்றோம். அவர் வந்தார், ஒரு கால் நசுங்கி. அன்றிலிருந்து தலைக்கு மேல் பாறை என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கும்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "கல்லுக்குள்ள பூர்றதுக்கு டூரா? இன்னாத்துக்குமே? நான் தெனம் போய்கினுதானே கீறேன், வந்து ஒரு நாள் என்னைக் கேளு, சொல்றேன்."

"பதினாலு வருஷமா கேட்டேன். நீங்க எங்க சொன்னீங்க?" என்றேன்.

அவர் டீயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை நான் கிளம்பும்போது தன் டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டு என் பையில் வைத்திருந்தார்.

முதல் பஸ்ஸில் போனோம். டிரைவர் நிறுத்தி நிறுத்தி ஓட்டும் அளவுக்குப் பனிமூட்டம். அக்கா நான்கு பேருக்கும் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டு வந்திருந்தார். டீச்சர் வெள்ளைச் சார்ட்டில் மலையை வரைந்து, படி, கோயில், குகை, உச்சி என்று நான்கு நிறத்தில் குறித்திருந்தார். அந்தப் படத்தின் ஆயுள் படிக்கட்டு வரைக்கும்தான். கோயிலுக்குப் போகும் படிகளில் குரங்குகள் காத்திருந்தன. டீச்சரின் கையில் சுருட்டி வைத்திருந்த சார்ட்டைத் தின்பண்டம் என்று நினைத்து ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறியது. உட்கார்ந்து நிதானமாக ஒரு மூலையைக் கடித்துப் பார்த்துவிட்டு, மீதியைக் கிழித்துப் போட்டது.

"பிடிக்கல போலிருக்கு, உங்க பாடம்" என்றார் அக்கா. டீச்சர் முதலில் முறைத்தார். பிறகு எங்களைவிட அதிகமாகச் சிரித்தார்.

கோயில் ஊற்றில் முகம் கழுவிக்கொண்டு மேலே நடந்தோம். படி முடிந்ததும் வழி என்று ஒன்று இல்லை. ஆள் உயரத்துக்கு, வீட்டு உயரத்துக்கு உருண்டைப் பாறைகள், யாரோ மூட்டை அவிழ்த்துக் கொட்டியதுபோல. எந்தப் பக்கம் திரும்புவது என்று நிற்கும்போது ஆடு மேய்க்கும் ஒரு பெண் எதிரே வந்தார். மேலே இருக்கும் ஊரைச் சேர்ந்தவர், என் வயசுதான் இருக்கும். தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசினார். சின்னவள் விஷயத்தைச் சொன்னதும், எங்கள் நான்கு பேரையும் காலிலிருந்து தலை வரைக்கும் பார்த்தார். செருப்பைக் கழற்றச் சொன்னார், முந்தானையை இழுத்துச் செருகச் சொன்னார். ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு, "பன்னி" என்று கன்னடத்தில் வரச் சொல்லி முன்னால் நடந்தார்.

குகை வாசல் ஒரு ஜன்னல் அளவுதான். அவர் பின்னால் சின்னவள், பிறகு அக்கா, பிறகு டீச்சர், கடைசியாக நான். உட்கார்ந்தபடி இறங்கவேண்டும், பிறகு பக்கவாட்டில் நகரவேண்டும். வெளியே அத்தனை குளிர். உள்ளே வெதுவெதுப்பாக, வௌவால் நாற்றத்தோடு இருந்தது. அக்காவின் உடம்புக்கு அந்த இடுக்கு போதாது என்று நான் கவலைப்பட்டிருந்தேன். அவரோ முருகா முருகா என்றபடி மூச்சை உள்ளே இழுத்து, சர்ரென்று அந்தப் பக்கம் போய்விட்டார்.

நின்றுபோனது டீச்சர். நடுவில், முன்னும் பின்னும் பாறை ஒட்டிக்கொண்டிருக்கிற இடத்தில், அவருடைய டார்ச் கைநழுவி எங்கோ கீழே உருண்டது. வெளிச்சம் போனதும் அவர் அசையவில்லை.

"டீச்சர், போங்க."

"முடியல."

"கால் மாட்டிக்கிச்சா?"

"இல்ல. கால் இருக்கான்னே தெரியல."

அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ரயிலில் டிக்கெட் பரிசோதகரையே அதட்டுகிறவர். அவர் மூச்சு மேலும் கீழும் வாங்குவது இருட்டில் கேட்டது. முன்னாலிருந்து ஆடு மேய்க்கும் பெண் "ஹெதரபேடம்மா, ஹெதரபேடா" என்று பயம் தெளியச் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கும் நெஞ்சு அடைக்கத் தொடங்கியது. என் தலைக்கு ஒரு சாண் மேலே முழு மலையும் இருந்தது. திரும்பிப் போய்விடலாம், என் பின்னால் யாரும் இல்லை, வாசல் வெளிச்சம் தெரிந்தது. டீச்சரை விட்டுவிட்டுப் போகவேண்டும், அவ்வளவுதான்.

நான் போகவில்லை. தைரியம் என்று சொல்லமுடியாது. அவர் சால்வையின் நுனி என் கையில் இருந்தது, அதை விட மனசு வரவில்லை. பையிலிருந்து என் வீட்டுக்காரரின் டார்ச்சை எடுத்து அவர் காலடியில் காட்டினேன். என்ன சொல்வதென்று தெரியாமல் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"டீச்சர், நாம டிரெயின்லதான் கீறோம். மாரிகுப்பம் வந்தாச்சு. நீங்க ஏறுங்க. வலது காலை எடுத்து வைங்க."

அவர் சால்வை என் கையில் இழுபட்டது. பிறகு அவர் கால் ஒரு சாண் நகர்ந்தது.

"அடுத்து இன்னா ஸ்டேஷன்?"

"சாம்பியன்" என்றார் மெதுவாக.

"எடுத்து வைங்க."

ஊரிகாம். கோரமண்டல். ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு அடி. பங்காருபேட்டையில் சின்னவள் அந்தப் பக்கத்திலிருந்து, "நான் ஏறிட்டேன் மிஸ்!" என்று கத்தினாள். டேக்கல், மாலூர், தேவனகொந்தி. ஒவ்வொரு பெயரையும் அவரே சொன்னார், குரல் கொஞ்சம் கொஞ்சமாக வகுப்புக்குள் வருகிற குரலாக மாறியது.

"ஒயிட்ஃபீல்டு" என்றவர், சட்டென்று சிரித்துவிட்டார். "ஐயோ, நான் இறங்கணும்."

அக்காவின் கை நீண்டு வந்து அவரை இழுத்துக்கொண்டது. அவர் பின்னாலேயே நானும் வெளியே வந்தேன். அந்தப் பக்கம் ஒரு பெரிய பாறைமேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பனி கலைந்து, கீழே கோலார் ஊரும் ஏரியும் தெரிந்தன. டீச்சர் உட்கார்ந்து அழுதார். அக்கா சாதப் பாத்திரத்தைத் திறந்து முதல் கவளத்தை டீச்சர் கையில் வைத்தார், இரண்டாவதை ஆடு மேய்க்கும் பெண்ணின் கையில். அவர் புளிப்பு போதாது என்று சொன்னார். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. ஊருக்குத் திரும்பும் வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, புடவை முழுக்க மண். அவர் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்தார்.

"அரை மணி நேரம்கூட இல்ல. என்னால தாங்கமுடியல" என்றேன். "நீங்க எப்படி?"

எண்ணெய் தடவிக்கொண்டே இருந்தவர், இந்த முறை சொன்னார். "மொத நாள் ஷாஃப்ட்டுக்குள்ள எங்களை ஏத்திகினு கேஜ் எறங்குச்சு பாரு, எனக்குக் காலு நடுங்கிடுச்சு. பக்கத்துல யாரோ நின்னுகினு இருந்தாரு, அவரு கையைப் புடிச்சிகினேன். பேரு கூடத் தெரியாது. அவரு இன்னான்னு ஒரு வார்த்தை கேக்கல. கீழ லெவல் வர்ற வரைக்கும் கையை விடவே இல்ல." பிறகு அடியில் இருக்கும் சூட்டைப் பற்றி, தூக்குச்சட்டியைத் திறக்கும்போது எல்லாரும் ஒன்றாக உட்காருவதைப் பற்றி, வெடி வைத்த பிறகு வரும் வாசனையைப் பற்றிச் சொன்னார். பதினாலு வருஷத்தில் அத்தனை பேச்சை நான் அவரிடம் கேட்டதில்லை. இரண்டு பேரும் அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டோம்.

அடுத்த டிசம்பரில் நாங்கள் ஏழு பேராக ஆந்திராப் பக்கம் ஹார்ஸ்லி ஹில்ஸ் போய் ஒரு நாள் தங்கினோம். டீச்சர்தான் முன்னால் நடந்தார். டார்ச்சைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

2001ஆம் வருஷம் பிறந்து கொஞ்ச நாளிலேயே சுரங்கத்தை மூடிவிட்டார்கள். எவ்வளவோ நாளாகப் பேச்சு இருந்தது. இருந்தும் அது நடந்தபோது எங்கள் லைனில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. என் வீட்டுக்காரர் பழைய நேரத்துக்கே எழுந்து, குளித்து, ஷாஃப்ட் பக்கம் போய் நின்றுவிட்டு வருவார். சாப்பிட்டால் சாப்பிட்டது, பேச்சு மறுபடியும் நின்றுபோனது. நான் ரயிலில் ஏறும்போது அவர் வாசலில் நிற்பதே கண்ணில் நிற்கும்.

அந்த வருஷம் குளிர் தொடங்கியபோது சின்னவள் ரயிலில் கேட்டாள். "அக்கா, எங்க ஆபீஸ்ல பத்துப் பேர் சண்டே டிரெக்கிங் போகணுமாம். அந்தரகங்கை கேவ்ஸ் பத்தி நான்தான் ஹேளிபிட்டேன். கூட்டிட்டுப் போக ஆள் வேணும். உங்க வீட்டுக்காரர் வரமாட்டாரா, பரோதில்லவா?"

வீட்டில் சொன்னேன். "நான் இன்னா கைடா? இங்லீஷ்ல பேசுவானுங்க, எனக்கு இன்னா புரியும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் மறுநாள் காலை அவர் ஷாஃப்ட் பக்கம் போகவில்லை. பையில் கயிறும் சின்னக் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு கோலார் பஸ் ஏறினார். அந்த வாரத்தில் இரண்டு முறை போனார். ஆடு மேய்க்கும் பெண்ணைத் தேடிப் பிடித்து, அவரோடு ஒவ்வொரு குகையாக நுழைந்து, மேல்பாறையைக் கடப்பாரையால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டாராம். கணீரென்றால் பிடிப்பாக இருக்கிறது. மொத்தென்று கேட்டால் எப்போது வேண்டுமானாலும் விழும். இரண்டு குகைகள் வேண்டாம் என்று வாசலில் முள் வெட்டிப் போட்டுவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேரும் விலை உயர்ந்த ஷூக்களோடு வந்தார்கள். கூட நானும் போனேன். வாசலில் அவர்களை நிறுத்தி, ஒவ்வொருவரும் முன்னால் இருப்பவரின் பையைப் பிடித்துக்கொள்ளவேண்டும், யாருக்குப் பயம் வந்தாலும் வெட்கப்படாமல் சொல்லவேண்டும் என்றார். தமிழ் பாதி, கன்னடம் பாதி. ஒருவர்கூடப் புரியவில்லை என்று சொல்லவில்லை. உள்ளே ஒரு பையனுக்கு மூச்சு வாங்கியபோது அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவசரப்படாமல், அவன் தானாக எழுந்திருக்கிறவரை இருந்தார். வெளியே வந்ததும் அந்தப் பையன் அவரைக் கட்டிக்கொண்டான். அவர் கூச்சத்தோடு என்னைப் பார்த்தார்.

ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்துக்குச் சொன்னது. ஆறேழு பேர், எட்டுப் பேர். பன்னிரண்டுக்கு மேல் கூட்டிப் போகமாட்டேன் என்று அவரே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். சுரங்கத்தில் அவரோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். குகை வேண்டாம் என்றவர்களை கோலார் பக்கமே இருக்கும் ஆவணி மலைக்குக் கூட்டிப் போனார்கள். அதற்கு டீச்சரும் அக்காவும் நானும் போனோம். உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. எல்லாரும் பாறைமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, தூரத்தில் நீலமாக ஒரு குன்று தெரிந்தது. அது என்ன என்று ஒரு பெண் கேட்டாள். என் வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. டீச்சருக்கும் தெரியவில்லை. விறகுக்கட்டோடு அந்தப் பக்கம் வந்த உள்ளூர்க்காரர் ஒருவரை நிறுத்தி, டீச்சர் தெலுங்கில் கேட்டார். அவர் ஒரு பெயர் சொன்னார். என் வீட்டுக்காரர் அதை இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, அந்தக் குன்றுக்கு எந்த பஸ் போகும் என்று கேட்கத் தொடங்கினார்.