மருதாணி விரல்

காபெஸ் நகரத்துக் கல்யாணப் பெண்களுக்கு மருதாணி இட்டு இட்டே மப்ரூக்காவின் விரல்கள் கறுத்துப் போயிருந்தன. புரட்சி முடிந்து வந்த முதல் தேர்தலில், தலைநகரத்திலிருந்து வந்த இளம் அதிகாரி அந்த விரலைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினான்.

"விரல்ல கறை இருக்கேம்மா. நீங்க ஏற்கெனவே ஓட்டுப் போட்டாச்சு."

வரிசையில் நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பாதிப் பேர் கையில் அவள் இட்ட மருதாணிதான். மப்ரூக்காவுக்கோ சுருக்கென்றது.

"நாங்க வர்றதுக்கு முந்தியே எங்க ஓட்டு விழுந்துடறது இந்த ஊருக்குப் புதுசில்ல தம்பி. இன்னைக்காவது நானே போட்டுக்கறேன், விடு."

அவன் மைப்புட்டியை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் விரலை முக்கி எடுத்தாள்.

"மை தெரியவே இல்லையேம்மா!"

"எனக்குத் தெரியுது," என்றாள்.