நைனா கட்டிய பாலம்

சித்தூருக்குத் தெற்கே எங்கள் ஊரை நெருங்கும்போது ஆறு இரண்டாகப் பிரிந்து, ஊரைத் தாண்டியதும் சேர்ந்துகொள்ளும். ஆபீஸ்களில் அந்த ஊரை ‘லங்க’ என்பார்கள். தெலுங்கில் ஆற்றுத் தீவு என்று அர்த்தம். ஆண்டில் பத்து மாதம் மணலில் நடந்தே போய்விடலாம். மழைக்காலத்தில்தான் தீவு. அந்த இரண்டு மாதத்துக்காக என் அப்பா, எங்களுக்கு நைனா, தன் ஆயுசையே கொடுத்தார். எங்களைக் கேட்காமல் எங்கள் ஆயுசிலும் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தார்.

அடுத்தவர் நிலத்தில் வேலை செய்த குடும்பம் எங்களுடையது. காலனியில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் அவர்தான். டிப்ளமாவுக்கு திருப்பதியில் இண்டர்வியூ என்றிருந்த அன்று இரண்டு பக்கமும் தண்ணீர். சர்டிபிகேட்டுகளை உரச்சாக்கில் சுற்றிக்கொண்டு சாயந்தரம் வரை கரையில் நின்றாராம். சீட்டு போனது. ஒரு வருஷம் கரும்பு வெட்டினார். மறுவருஷம் சேர்ந்தார், படித்தார், சர்க்கார் இன்ஜினியர் ஆனார்.

பிரமோஷன் இரண்டு முறை வந்தது. இரண்டுமே தொலைதூர ஊர்களில். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு சித்தூரிலேயே உட்கார்ந்திருந்தார். லீவு நாட்களில் ஆற்றுக்குப் போய் அளந்து, பாலம் கேட்டு பைல் அனுப்பிக்கொண்டிருப்பார். இவ்வளவு கொஞ்ச ஜனத்துக்குப் பாலம் எதற்கு என்று அது திரும்பித் திரும்பி வந்தது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஊரு ஊருன்னு சொல்லிக்கினு கீறீங்களே, அங்க ஒருத்தனாச்சும் உங்க பொண்ணு இன்னா படிக்கிதுன்னு கேட்டானா?”

நைனா மடித்து வைத்த வரைபடத்தை மறுபடி பிரிப்பார்.

ரிடையர் ஆவதற்குச் சில வருஷம் முன்பு அனுமதி வந்தது. ஒவ்வொரு தூணுக்கும் கான்கிரீட் போடும்போது பக்கத்திலேயே நின்றார். ஒரு தூண் சரியில்லை என்று உடைத்துத் திரும்பப் போடவைத்தார். அதே மாதம்தான் திருப்பதியில் என் கல்யாணம். தாலி கட்டும் நேரத்துக்கு வந்தார். பாதங்களில் சிமெண்ட் காய்ந்திருந்தது. பந்தி போடுவதற்குள் போய்விட்டார். மாமியார் வீட்டில் அதை எனக்குப் பல வருஷம் சொல்லிக் காட்டினார்கள்.

பாலம் திறந்தபோது ஊர் மாலை போட்டது. இரண்டு மூன்று மழை நல்லபடியாகப் போனது. பிறகு டிராக்டர்கள் வந்தன, அப்புறம் டிப்பர்கள். பாலம் இல்லாதவரை மணல் பாரத்தோடு எந்த வண்டியாலும் அந்த ஆற்றைக் கடக்க முடிந்ததில்லை. இப்போது வழி இருந்தது. மணலை அள்ளிப் போட்டது வெளியாள் இல்லை, எங்கள் காலனிக்காரர்கள்தான். முன்னால் நின்றவன் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை.

நைனா அப்போது ரிடையர் ஆகியிருந்தார். வாரம் தவறாமல் பஸ் ஏறிப் போய், எந்தத் தூணுக்கு எவ்வளவு அஸ்திவாரம் வெளியே தெரிகிறது என்று டேப்பில் அளப்பார். ஒரு முறை நானும் கூடப் போயிருந்தேன்.

“டேய், தூணாண்ட தோண்டாதீங்கடா. அந்த மணலுதான் பாலத்த புட்ச்சிக்கினு கீது” என்றார் தம்பியிடம்.

அவன் கோபப்படவில்லை. “பெரியநைனா, நீ பென்ஷன் வாங்கித் துன்ற. நாங்க இன்னா துன்றது? பாலம் கட்டிக் குட்த்த, வேல குட்த்தியா?” என்றான்.

நைனா டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

சித்தூர் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு நாட்களில் போய், மணல் அள்ளுவதைத் தடுக்கச் சொல்லி வரிசையில் நின்றார். இரண்டு வருஷம் நின்றார். “மீ பிரிட்ஜி பாகானே உந்தி சார், பயப்படகண்டி” என்று குமாஸ்தா சிரித்துக்கொண்டே ரப்பர் ஸ்டாம்ப் குத்திக் கொடுப்பாராம். பாலம் நன்றாகத்தான் இருக்கிறது, பயப்படாதீர்கள் என்று. அம்மா போன பிறகு நைனாவைத் திருப்பதிக்கு என்னோடு அழைத்து வந்துவிட்டேன்.

இங்கே வந்த மூன்றாவது மழையில் தம்பி போன் செய்தான். “அக்கா, பெரியநைனா கட்ன பாலம் நடுவுல குந்திக்கிச்சி.”

நைனாவிடம் போனைக் கொடுத்தேன். “யார்க்குனா அடி பட்டுதா?” என்று கேட்டார். யாருக்கும் இல்லை. “எந்தத் தூணு?” மூன்றாவது தூண். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது.

மறுநாள் டிவியில் தரமில்லாத பாலம் என்றார்கள். மைக்குக்கு முன்னால் நின்று நல்ல தெலுங்கில், கட்டினவர் சரியாகக் கட்டவில்லை என்று சொன்னவன் என் தம்பி. நைனா அதை முழுசாகப் பார்த்தார். நான் டிவியை அணைக்கப் போனபோது கையை நீட்டித் தடுத்தார்.

விசாரணைக்கு வந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். நைனா மனுக்களின் நகல்களைத் தேதி வாரியாக எடுத்து வைத்தார். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் மணல் சம்பந்தப்பட்டது சார், எனக்குக் கட்டுமானத்தைப் பற்றி மட்டும்தான் உத்தரவு என்றார். மண் அரிப்பைக் கணக்கில் எடுக்காத வடிவமைப்பு என்று அறிக்கை வந்தது. அரிப்பைப் பற்றி நைனா எழுதிக் கொடுத்த தாள்களை அந்த அதிகாரி எங்கள் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

அடுத்த வருஷம் தம்பி தன் குழந்தைகளுக்கு மலையில் மொட்டை போட வந்தவன் எங்கள் வீட்டில் தங்கினான். நான் சோறு போட்டேன், முகம் பார்க்கவில்லை. நைனா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, “தண்ணி வந்தா பசங்க எப்டி இஸ்கூலுக்குப் போவுது?” என்று கேட்டார்.

“போறதில்ல பெரியநைனா.”

அவர்கள் போனதும் நைனா என்னிடம் வந்தார். “திங்கக்கெழம என்னச் சித்தூருக்கு இட்டுக்கினு போறியாம்மா? நடக்கறதுக்கு ஒரு சின்னப் பாலமாச்சும் கேட்டு ஒரு மனு குட்த்துட்டு வந்துடலாம்.”

லீவு இல்லை என்றேன். லீவு இருந்தது. அடுத்த வாரமும் கேட்டார், அதையே சொன்னேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. கோடை வருவதற்குள் போய்விட்டார். ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். எல்லாரையும்விட அதிகமாக அழுதவன் தம்பிதான். அவன் நடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அப்படியும் அவனை மன்னிக்க என்னால் முடியவில்லை.